காதல் உங்களை என்ன செய்தது என்று அளவெடுப்பது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 26 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். என்னிடம் பதினொரு அளவு நோட்டு சேர்ந்திருக்கிறது. ஒரே பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த அளவு, கல்யாணத்துக்குப் பின், முதல் பிள்ளைக்குப் பின் என்று எல்லாம் அதில் கிடைக்கும். தோள், மார்புச் சுற்றளவு, கை, கழுத்து இறக்கம் என்று எண்களை எழுதிவிட்டு, மறந்துவிடாமல் இருக்க ஓரத்தில் ஏதாவது கிறுக்கி வைப்பேன். ‘கழுத்து மூடி’, ‘இனி சிவப்பு வேண்டாமாம்’, ‘முதுகில் கயிறு, நீளமா’ இப்படி. கொரோனா சமயத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். உடம்பு மாறியது எண்ணில் இருந்தது. ஆள் மாறியது ஓரக் கிறுக்கலில் இருந்தது.

அப்புறம் எனக்கே ஒரு நோட்டுப் போட்டேன். என் வாழ்க்கையில் வந்த மூன்று காதலும் என்னிடம் எதை விட்டுப் போயின என்று எழுதிப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் முடித்தவள் நான். என் மகள் புதுச்சேரியில் உளவியல் படிக்கிறாள். என் பாடப்புத்தகமும் அவள் பாடப்புத்தகமும் ஆளுக்குப் பாதி கைகொடுத்ததில் இந்த முறை ஒருமாதிரி உருவாகியிருக்கிறது. கடைக்கு வரும் நாலைந்து பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன், எழுதிப் பார்த்தார்கள். அதனால் இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் துணி நனையட்டும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். இவ்வளவுதான் வேண்டும். போனில் எழுதாதீர்கள். போன் நாலு பேர் கைக்குப் போகும், அதோடு விரல் அழிக்கத் துடிக்கும். நான் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போய் எழுதினேன், செவ்வாய்க்கிழமை காலையில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் பஜ்ஜிப் புகையும் கூட்டமும்தான், ஒரு வரி ஓடாது.

எந்தக் காதலை எழுதப் போகிறீர்களோ, அது ஆரம்பித்தோ முடிந்தோ குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆறு மாதம் என்பது என் கணக்கு, எந்தப் புத்தகத்திலும் இல்லை. காரணம் என் தொழிலில் இருக்கிறது. லைனிங் துணியைக் கடையிலிருந்து வந்ததும் அப்படியே வெட்ட மாட்டோம். தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அது சுருங்குகிற வரை சுருங்கட்டும் என்று விட்டு, பிறகுதான் கத்தரி. அவசரத்துக்கு அப்படியே வெட்டித் தைத்த ஜாக்கெட் முதல் துவைப்பிலேயே அக்குளில் பிடிக்கும். காதலில் விழுந்த மூன்றாம் வாரம் எழுதுவதும், பிரிந்த மூன்றாம் நாள் எழுதுவதும் அப்படித்தான். ‘அவன் வந்துதான் எனக்கு உயிரே வந்தது’ என்றோ ‘அவளால் நாசமாப் போனேன்’ என்றோ இருக்கும். இரண்டும் சுருங்காத துணி.

என்ன எழுதுவது

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடதுபக்கம் ‘முன்’, வலதுபக்கம் ‘பின்’. மேலே அந்த ஆளின் பெயரின் முதல் எழுத்து போதும்.

உணர்ச்சியை எழுத வேண்டாம். சந்தோஷமாக இருந்தேன், உடைந்து போனேன் என்பதெல்லாம் எல்லார் நோட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். செய்ததை எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினேன், எந்த வழியாக வீட்டுக்குப் போனேன், என்ன சாப்பிட்டேன், கையில் நூறு ரூபாய் இருந்தால் எதற்குச் செலவு செய்தேன், யாரோடு பேசுவதை நிறுத்தினேன், கோபம் வந்தால் என்ன செய்தேன், எந்த வார்த்தை புதிதாக வாயில் வந்து ஒட்டியது. கடைசியாகச் சொன்னது முக்கியம். என் வாடிக்கையாளர் ஒருத்தி, பண்ருட்டிப் பக்கத்துப் பெண், புதுச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு நாலு வருடமாகிறது. அவள் வலதுபக்கத்தில் முதலில் எழுதியது ‘பெரிய மார்க்கெட்டில் பேரம் பேசாமல் எதையும் வாங்குவதில்லை’. இரண்டாவது, ‘அம்மாவிடமும் பேரம் பேசுகிறேன்’.

இப்படிப் பட்டியல் போடுவது என் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். மகள் சிரித்தாள். 1995-லேயே ஆர்தர் ஆரன் என்ற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் கல்லூரி மாணவர்களிடம் பத்து வாரத்தில் ஐந்து முறை, ‘இன்று நீ யார்?’ என்று கேட்டுத் தோன்றியதையெல்லாம் எழுதச் சொன்னார்களாம். இடையில் காதலில் விழுந்தவர்களின் பட்டியலில் தங்களைப் பற்றிச் சொல்ல முன்பைவிடப் பலவகையான சொற்கள் வந்தன. ஆள் அகலமாகிவிடுகிறார் என்று அர்த்தம். சரி, எந்தப் பக்கம் அகலம், எந்தப் பக்கம் இறுக்கம் என்பதை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

எந்த வகை என்று பெயர் வையுங்கள்

வகை தெரியாமல் எழுதினால் பட்டியல் குழம்பும். மகளின் பாடத்தில் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-ல் சொன்ன முக்கோணம் இருக்கிறது. நெருக்கம், வேட்கை, உறுதி என்று மூன்று. மூன்றையும் விதவிதமாகச் சேர்த்தால் எட்டு வகை, அதில் ஒன்று மூன்றுமே இல்லாதது. நல்ல கணக்குதான். ஆனால் எனக்குக் கை பழகியது தொல்காப்பியத்தின் ஏழு திணை. ஒருபக்கக் காதல் கைக்கிளை, இருவரும் ஒத்த காதல் ஐந்திணை, பொருந்தாதது பெருந்திணை. காதலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பிரித்திருப்பதால் நம் ஆட்களுக்குச் சொன்னால் சட்டென்று புரிகிறது.

என் கைக்கிளை 1993-ல், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். காலை ஏழு மணி பேட்ச், பக்கத்து மெஷின். அவர் என்னிடம் மொத்தமாகப் பேசியது மூன்று வாக்கியம் இருக்கும், அதில் இரண்டு கார்பன் பேப்பர் பற்றியது. தினமும் கையில் ஒரு நூலகப் புத்தகம் வைத்திருப்பார். அட்டையைத் தலைகீழாகப் படித்துப் பேரைத் தெரிந்துகொண்டு, நானும் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி அதையே தேடி எடுத்துப் படிப்பேன். ஒன்பது மாதத்தில் அவர் சென்னைக்குப் போய்விட்டார். என் ‘பின்’ பக்கத்தில் இருப்பது: டைப்ரைட்டிங் லோயர் பாஸ், நூலக அட்டை, இரவு படித்துவிட்டுத் தூங்கும் பழக்கம். பத்து வருடம் கழித்து நான் பி.ஏ. சேர்ந்ததற்கு வேர் அதுதான். அந்த மனிதருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, என் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

ஒருபக்கக் காதலை எழுதும்போது கவனிக்க வேண்டியது இதுதான். எதிரில் இருப்பவர் உங்களைத் தொடவே இல்லை, மாறியதெல்லாம் நீங்களாகச் செய்துகொண்டது. அவரைப் பார்த்து எதைப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். காத்திருந்ததை எழுத ஆரம்பித்தால் நோட்டுப் போதாது.

ஒத்த காதல் எனக்கு 1997-ல். நூல்கண்டு, கொக்கி, ஃபால்ஸ் எல்லாம் மொத்தமாக எடுத்துக் கடை கடையாகப் போடும் பையன், டி.வி.எஸ். ஐம்பதில் வருவான். நான் அப்போது ஒரு தையல் கடையில் கைவேலை செய்துகொண்டிருந்தேன். ‘ஃபால்ஸ் வாங்கப் போறேம்மா’ என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி பஸ் ஏறுவேன். ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில் என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வயிறு ஒரு தடவை புரளும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு சுற்று, பிறகு கடற்கரைச் சாலையில் பாறைமேல் உட்கார்ந்து சுண்டல். அதற்கு முன்னால் நான் கடையில் நின்று ஒரு டீ குடித்ததில்லை. தலைநிமிர்ந்து விலை கேட்டதில்லை. ‘விலையைக் கேக்கறதுக்கு ஏன் மன்னிப்புக் கேக்கற?’ என்று அவன் ஒருநாள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இன்றைக்கு என் கடையில் கூலியை நான் சொல்லும் தோரணை அவன் கொடுத்தது. சாதி வேறு. இரண்டு வீட்டிலும் தெரிந்தது, முடிந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பிரிந்த பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அந்த இடத்தை எழுதாமல் தாண்டுகிறார்கள். ஒரு வருடம் எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவில்லை. சுண்டல் எனக்குப் பிடிக்குமா, அவனுக்குப் பிடித்ததால் சாப்பிட்டேனா? பச்சை நிறம் நான் தேர்ந்தெடுத்ததா? இதுவும் ஆராய்ச்சியில் இருக்கிறதாம். ஸ்லாட்டரும் இன்னும் இருவரும் 2010-ல் எழுதிய கட்டுரையில், பிரிவுக்குப் பின் ‘நான் யார்’ என்ற தெளிவே குறைந்துபோகிறது, அந்தக் குழப்பம்தான் துயரத்தையும் கூட்டுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வகையில் சொன்னால், பருத்தியில் தையலைப் பிரித்தால் ஊசித்துளை இரண்டு தண்ணீரில் மறைந்துவிடும், பட்டில் மறையாது. அதனால் பிரிவுக்கான பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள்: ‘எனக்குத்தானா?’ ஒவ்வொன்றையும் தனியாகச் செய்து பார்த்துவிட்டுக் குறியுங்கள். நான் தனியாகப் போய்ச் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். பிடிக்கவில்லை. பச்சை பிடித்தது.

கல்யாணத்துக்குள் இருப்பதை எழுதுவது

இதுதான் கஷ்டம். முன், பின் என்று கோடு போட முடியாது, நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறோம். இதற்கு ஐந்திணையில் இருக்கும் ஐந்து நிலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்: கூடுவது குறிஞ்சி, பிரிவது பாலை, காத்திருப்பது முல்லை, வருந்துவது நெய்தல், ஊடுவது மருதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். குறிஞ்சிக்கு மலை வேண்டும் என்றால் எங்களுக்கு கேப்பர் மலைதான் இருக்கிறது, அதை மலை என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். மருதத்துக்கு பாகூர் வயல். நெய்தலுக்கு மட்டும் நாங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்துதான் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பல வீட்டில் அப்படித்தான் நடக்கிறது, ஒருநாளில் நடப்பதில்லை.

எனக்கு 2000-ல் கல்யாணம், பெரியவர்கள் பார்த்தது. என் வீட்டுக்காரர் 2006-ல் குவைத் போனார், 2015-ல் திரும்பினார். ஒன்பது வருடப் பாலை. அதில் என்னைச் செய்தது எது என்று பார்த்தால் ஒரே வாரத்தில் வந்து நிற்கிறது: தானே புயல், 2011 டிசம்பர் 30. விடியற்காலை காற்று அடித்தபோது நானும் ஏழு வயது மகளும் மாமியாரும் கட்டிலுக்கடியில் இருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மூன்று தகடு போனது. எங்கு பார்த்தாலும் மரம் விழுந்திருந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. போன் இல்லை, கரண்ட் இல்லை. எப்போதும் எதுவென்றாலும், ‘அவர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்’ என்பவள் நான். அன்றைக்குக் கேட்க வழியில்லை. தகட்டுக்காரரைப் பிடித்து, விலை பேசி, கடன் வாங்கி, மூன்றாம் நாள் கூரையை மூடினேன். பிறகு ஒரு வேடிக்கை. பொங்கலுக்கு இரண்டு வாரம். மோட்டார் மெஷின் வைத்திருந்த கடைகளெல்லாம் கரண்ட் இல்லாமல் நின்றன. என்னுடையது மிதி மெஷின். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தைத்துத் தள்ளினேன், கடன் அடைந்தது. பதினெட்டாம் நாளோ என்னவோ அவர் குரல் போனில் வந்தபோது, ‘என்ன பண்ணலாம்னு சொல்லுங்க’ என்று நான் கேட்கவில்லை. ‘பண்ணிட்டேன்’ என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

‘பண்ணிட்டேன்’ என்பது என் வலதுபக்கத்தில் இருக்கிறது. அவர் திரும்பி வந்த பிறகு அதனாலேயே எத்தனை சண்டை! ஒன்பது வருடம் தனியாக முடிவெடுத்தவளும், ஒன்பது வருடம் மேஸ்திரி சொன்னபடி நடந்தவரும் ஒரே அடுப்படியில். ஊடல் பக்கத்தில் சண்டையின் காரணத்தை எழுதாதீர்கள், காரணம் எப்போதும் பால் பாக்கெட்டுதான். சண்டை எப்படி முடிகிறது என்று எழுதுங்கள். முன்பு நான் பேசாமல் இருந்து முடிப்பேன். இப்போது அவர் டீ போட்டு வந்து மெஷின் பலகையில் வைத்து முடிக்கிறார்.

இறுக்கம் தெரிந்தால்

பெருந்திணைக்குத் தொல்காப்பியம் சொல்லும் நாலு அடையாளத்தில் கடைசி, ‘மிக்க காமத்து மிடல்’. மிடல் என்றால் வலிமை, வலுக்கட்டாயம். இது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு ஓரக்குறிப்புக் காட்டிக் கொடுத்தது. கல்லூரி மாணவி ஒருத்தி, முதல் தடவை வந்தபோது கழுத்து இறக்கம் ஏழு அங்குலம். எட்டு மாதத்தில் ஆறு, அப்புறம் அஞ்சு. நான் டேப்பை முதுகில் வைத்திருக்கும்போதே போன் வந்தது, வீடியோ அழைப்பு. அவள் எடுத்து என் பக்கம் திருப்பி, ‘டைலர் அக்கா கடைதான், பாரு’ என்றாள். கழுத்தை மூடித் தைப்பது தப்பில்லை, நானே அப்படித்தான் போடுகிறேன். திருப்பிக் காட்டினாளே, அதுதான் உறுத்தியது.

உங்கள் பட்டியலில் வலதுபக்க வரிகளுக்குப் பக்கத்தில், ‘முடிவெடுத்தது யார்’ என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். தோழிகள் குறைந்தது, போனின் பாஸ்வேர்டு கொடுத்தது, படிப்பை விட்டது, சம்பளத்தை ஒப்படைத்தது. எல்லாவற்றுக்கும் நேராக ஒரே பெயர், உங்கள் பெயர் இல்லாமல், வந்தால் நோட்டை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம். தூக்கம் கெட்டு மனசு ஒரு நிலையில் இல்லையென்றால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள். இந்த 14416-ஐ ஆண்களும் கூப்பிடலாம், அவர்களுக்கும் இது நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு எண்ணையும் ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தால் அவன் பார்ப்பானே என்று, ஜாக்கெட்டுக்குள் வைக்கும் துண்டுத் துணியில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு கடைக்கு வரவில்லை. இது எனக்கு நெஞ்சில் முள்தான்.

அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவராதீர்கள்

புது ஜாக்கெட் தைக்க வருபவர்கள் பழையது ஒன்றை அளவுக்குக் கொண்டுவருவார்கள். ‘இதே மாதிரி, அக்கா.’ பார்த்தால் மூன்று வருடத்துக்கு முன்னால் தைத்தது. நான் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுப்பேன். முதல் காதலின் அளவை வைத்துக்கொண்டு இரண்டாவது ஆளை வெட்டுகிறவர்கள் நிறைய. நானே கல்யாணமான முதல் இரண்டு வருடம், இவர் ஏன் விலை பேச மாட்டேனென்கிறார், ஏன் பாறைமேல் உட்கார மாட்டேனென்கிறார் என்று மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் தனி நோட்டுப்பக்கம், தனிக் கோடு. பக்கத்தைத் திருப்பி முந்தையதைப் பார்த்து எழுதக் கூடாது.

எழுதி முடித்த பிறகு, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் வலதுபக்கத்தை மட்டும் காட்டுங்கள். என் தங்கையிடம் காட்டினேன். எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு, ‘சிரிக்கும்போது வாயைப் பொத்திக்குவியே, அதை எப்ப விட்ட?’ என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கத்திலும் சேர்க்க முடியாமல் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் என் வீட்டுக்காரரிடமும் ஒரு பக்கம் கிழித்துக் கொடுத்தேன். இதெல்லாம் எதுக்கு என்று முனகிவிட்டு, கொக்கி வைத்துக்கொண்டிருந்ததை ஓரமாக வைத்து, பத்து நிமிடம் எழுதினார். ஒரே ஒரு வரி.

முன்: செய்தியில் விளையாட்டு மட்டும் பார்ப்பேன். பின்: கடலூர் துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கான்னு பார்ப்பேன்.

குவைத்தில் இருந்தபோது ஆரம்பித்த பழக்கமாம். இப்போதும் கார்த்திகை, மார்கழி வந்தால் ராத்திரி எழுந்து போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். நான் பக்கத்தில்தான் தூங்குகிறேன்.